சிவகாசியைக் கட்டியது யார்: கல்கத்தா போன இருவரா, ஊரா?

கரிசல்மண்

எங்கள் வணிகர் சங்கத்தில் ஆண்டு மலர் போடுகிறோம். சிவகாசித் தொழிலின் நூறாண்டு பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். முதல் பத்தியிலேயே தகராறு. மலர்க் குழுவில் பாதிப் பேர், "அய்ய நாடாரும் சண்முக நாடாரும் இல்லாவிட்டால் சிவகாசி இன்றைக்கும் பொட்டல்காடுதான்" என்கிறார்கள். மீதிப் பேர், "ஊர் கூடி இழுத்த தேர், அதில் ரெண்டு பேர் பெயரை மட்டும் எப்படி எழுதுவது" என்கிறார்கள்.

எல்லாருக்கும் தெரிந்த கதைதான். 1922ல், இருபது வயதைத் தொட்டும் தொடாத இரண்டு பேர், உறவுக்காரர்கள், கல்கத்தாவுக்கு ரயில் ஏறினார்கள். பூர்ண சந்திர ராய் என்பவரிடம் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு வந்தார்கள். அவர் அதைக் கற்றது அங்கே குடியேறியிருந்த ஜப்பானியர்களிடம். அடுத்த ஆண்டு சிவகாசியில் தொழில் தொடங்கியது. ஜெர்மனியிலிருந்து இயந்திரம் வந்தது. ஆனால் கடைசியில் நிலைத்தது கைவேலைதான். 1926 வாக்கில் இருவரும் தனித்தனியாகப் பிரிந்து, ஒருவர் அணில், மற்றவர் காளீஸ்வரி என்ற கம்பெனிப் பெயர்களில் வளர்ந்தார்கள். தீப்பெட்டியிலிருந்து மத்தாப்பு, மத்தாப்பிலிருந்து பட்டாசு. பெட்டிக்கு லேபிள் வேண்டும் என்பதால் அச்சகம், அச்சகம் வந்ததால் காலண்டர். நேரு 'குட்டி ஜப்பான்' என்று சொன்னதாக ஊரில் இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்கள்.

என் சாய்வு இரண்டாவது கட்சிப் பக்கம். காரணம் மகமை. சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, சாத்தங்குடி ஆகிய ஆறு ஊர்களிலும் நாடார்களின் ஊர்ச் சங்கமான உறவின்முறை இருந்தது. விற்கிற வாங்குகிற சரக்குக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று வியாபாரிகள் தாங்களே வரி போட்டுக்கொண்டார்கள், அதுதான் மகமை. அந்தப் பணத்தில் பேட்டை, கோயில், பள்ளிக்கூடம் எல்லாம் நடந்தன. நாடார்களைக் குறிவைத்து நடந்த 1899 கொள்ளையில் அடிபட்டு எழுந்த ஊர் சிவகாசி. ஒருவர் விழுந்தால் பத்துப் பேர் தூக்கிவிடுவார்கள் என்ற தைரியம் இல்லாமல் அந்த வயதுப் பையன்கள் அவ்வளவு தூரம் போயிருப்பார்களா? மகமைப் பணம் நேராகத் தீப்பெட்டியில் போடப்பட்டது என்று நான் சொல்லவில்லை. பின்னால் ஒரு சுவர் இருந்தது என்கிறேன்.

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். திட்டுவதாக இருந்தாலும் விவரத்தோடு திட்டுங்கள்.

---

விருதுபட்டி வியாபாரி

அண்ணாச்சி, உங்கள் வாதத்திலேயே ஓட்டை இருக்கிறது. மகமை ஆறு ஊரிலும் இருந்தது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அப்புறம் ஏன் பாலையம்பட்டியில் தீப்பெட்டி முளைக்கவில்லை? எங்கள் விருதுநகரில் மகமையும் இருந்தது, பணமும் இருந்தது, பள்ளிக்கூடமும் இருந்தது. நாங்கள் பருப்பு, எண்ணெய், மிளகாய் வற்றல் என்று வாங்கி விற்கிற வழியில் போனோம். இருந்த சுவர் ஒன்றுதான். அதில் சாய்ந்து உட்கார்ந்தவர்கள் ஆயிரம் பேர். எழுந்து போனவர்கள் இரண்டு பேர்.

'சூழ்நிலைதான் காரணம்' என்று சொல்பவர்களிடம் நான் எப்போதும் கேட்பது இதுதான்: அதே சூழ்நிலையில் இருந்த மற்றவர்கள் என்ன செய்தார்கள்? மொழி தெரியாத ஊருக்குப் போய், தொழில் ரகசியத்தை ஒருவர் வாயிலிருந்து வாங்கி, ரசாயனக் கலவை கைக்குப் பிடிபடும்வரை தங்கி, திரும்பி வந்து முதல் போடுவது ஊர்க் கூட்டத்தில் தீர்மானம் போட்டு நடக்கிற காரியமா? கூட்டம் போட்டிருந்தால் "எதுக்குடா இந்த வேலை, கடையைப் பாருங்க" என்றுதான் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். நான் வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவன், எனக்குத் தெரியும்.

இன்னொன்று. இயந்திரம் சரிப்படவில்லை என்று தெரிந்ததும் அதைக் கட்டிக்கொண்டு அழாமல் கைவேலைக்கு மாறினார்களே, அந்த முடிவு யாருடையது? ஊருடையதா?

---

சாத்தூர்க்காரி

இரண்டு அண்ணாச்சிகளும் 'ஊர்' என்று சொல்லும்போது முதல் போட்டவர்களை மட்டுமே சொல்கிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

என் அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவர். எங்கள் பக்கம் யாரும் தொழிற்சாலை என்று சொல்ல மாட்டோம், ஆபீஸ்தான். விடியுமுன் பஸ் வரும். கிராமம் கிராமமாகப் பொம்பளைகளையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போய் இருட்டினபிறகு கொண்டுவந்து விடும். கட்டை அடுக்குவது என்று ஒரு வேலை. பள்ளம் வெட்டின சட்டத்தில் குச்சிகளை ஒவ்வொன்றாக, ஒன்றோடொன்று ஒட்டாமல், தலை நீண்டபடி அடுக்க வேண்டும். ஒட்டினால் மருந்தில் முக்கும்போது ரெண்டும் சேர்ந்து கெட்டியாகிவிடும். அப்புறம் முக்குவது, காயவைப்பது, பெட்டியில் அடைப்பது, பக்கவாட்டில் மருந்து தடவுவது, கட்டுப் போடுவது. பெட்டி ஒட்டுகிற வேலை வீட்டுக்கே வரும். கூலி நாளுக்கு இல்லை, கட்டைக்கு இவ்வளவு, குரோசுக்கு (144 பெட்டி) இவ்வளவு. சின்ன விரல்கள் வேகமாக ஓடும் என்பதால்தான் பிள்ளைகளைக் கூப்பிட்டார்கள்.

விருதுபட்டி அண்ணாச்சி, கைவேலைக்கு மாறிய முடிவு யாருடையது என்று கேட்டீர்கள். முடிவு முதலாளியுடையது, சரி. அந்த முடிவு பலித்தது எதனால்? மானாவாரிக் கரிசலில் மழை பொய்த்து, பருத்தியும் கம்பும் காய்ந்து, எவ்வளவு குறைந்த கூலிக்கும் வர ஆள் இருந்ததால். மழை குறைந்த வெயில் பூமி தீப்பெட்டிக்கு நல்லது என்று எல்லாரும் எழுதுகிறார்கள். மருந்து காய வெயில் உதவியது உண்மை. அதே வெயில்தான் ஆள் கூலியையும் மலிவாக்கியது. இயந்திரத்தைவிடப் பிள்ளை மலிவாகக் கிடைத்த இடத்தில் இயந்திரம் எப்படி நிற்கும்?

1986ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. அதற்குப் பத்து வருஷம் கழித்து, 1996 டிசம்பரில், சிவகாசியை முன்வைத்து நடந்த எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் வீதம் முதலாளி கட்ட வேண்டும் என்று சொன்னது. மலரில் 'கடின உழைப்பு' என்று ஒரு வரி வரும் என்று தெரியும். யாருடைய உழைப்பு, எத்தனை வயதில் என்பதையும் எழுதுங்கள்.

---

ஓய்வுபெற்ற கலால்

நான் வரித்துறையில் காலம் தள்ளியவன். அதனால் எனக்குத் தெரிகிற பக்கத்தைச் சொல்கிறேன்.

அந்த இருவரும் ஏன் 1922ல் போனார்கள்? 1912ல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பெரும்பாலும் திவாலாகியிருப்பார்கள். அந்தக் காலத்தில் இந்தியாவில் கிழிக்கப்பட்ட தீக்குச்சியில் பெரும்பகுதி சுவீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கப்பலில் வந்தது. 1922ல் ஆங்கில அரசு இறக்குமதித் தீப்பெட்டிக்கு குரோசுக்கு ஒன்றரை ரூபாய் தீர்வை போட்டது. அன்றைய விலைவாசியில் அது பெரிய தொகை. உள்ளூர்த் தொழிலை வாழவைக்கும் எண்ணமெல்லாம் இல்லை, கஜானாவுக்குப் பணம் வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்த வரிச்சுவருக்கு இந்தப் பக்கம் தீப்பெட்டி செய்தால் லாபம் என்று ஆகிவிட்டது. சுவீடன்காரர்களே கப்பலை விட்டுவிட்டு 1923ல் பம்பாய்ப் பக்கம் விம்கோ என்ற தீப்பெட்டிக் கம்பெனியை ஆரம்பித்தார்கள். அதே ஆண்டு சிவகாசி. இது தற்செயல் இல்லை. 1928ல் அந்தத் தீர்வையைப் பாதுகாப்பு வரியாகவே சட்டம் போட்டுத் தொடர்ந்தார்கள்.

அப்புறம் 1934ல் உள்நாட்டுத் தீப்பெட்டிக்கும் கலால் வரி வந்தது. பெட்டியின் மேல் பேண்டரோல் என்று ஒரு தாள் ஒட்டியிருக்குமே, அது வரி கட்டினதற்கு அடையாளம். சுதந்திரத்துக்குப் பிறகு உற்பத்தி அளவை வைத்து ஏ, பி, சி, டி என்று வகை பிரித்து, பெரிய இயந்திர ஆலைக்கு அதிக வரி, சின்னக் கைத்தொழில் கூடத்துக்குக் குறைந்த வரி என்று வைத்தார்கள். விம்கோ எவ்வளவு வேகமாகக் குச்சி தள்ளினாலும் சிவகாசி விலையை அடிக்க முடியாமல் போனதில் இந்த வித்தியாசத்துக்குப் பெரிய பங்கு உண்டு. சாத்தூர் அம்மா சொன்ன மலிவுக் கூலியும் இதுவும் சேர்ந்தே வேலை செய்தன.

இதில் வேடிக்கை ஒன்று. வரி குறைவாக இருக்க வேண்டுமென்றால் சிறியதாக இருக்க வேண்டும். அதனால் வளர்ந்தவர்கள் வளர்ந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஒரே குடும்பத்தில் அண்ணன் பெயரில் ஒன்று, மைத்துனர் பெயரில் ஒன்று, அம்மா பெயரில் ஒன்று என்று கூடங்கள் பிரிந்தன. சில இடங்களில் நடுவில் ஒரு சுவர் எழுப்பினால் போதும், ஒன்று இரண்டாகிவிடும். காகிதத்தில் பார்த்தால் நூற்றுக்கணக்கான சுயமுயற்சிக்காரர்கள். இரவு கணக்கு எழுதுவது ஒரே மேசை. தனிமனித சாதனை என்று நாம் எண்ணுகிற தலைகளில் எத்தனை, வரிச் சலுகைக்காக எண்ணப்பட்ட தலைகள் என்று எனக்கு அன்றைக்கே தோன்றியதுண்டு.

பட்டாசுக்கும் இதே கதைதான், இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டுச் சரக்கு நின்றது. நீளும், நிறுத்திக்கொள்கிறேன்.

---

நடுப்பக்கம்

ஆக, சிவகாசியைக் கட்டியது வைஸ்ராய். கட்டுரை முடிந்தது, மலரை அச்சுக்கு அனுப்பலாம் 😀

---

விருதுபட்டி வியாபாரி

நடுப்பக்கம் சிரித்தாலும் விஷயம் அதுதான். கலால் ஐயா சொன்ன தீர்வை மெட்ராஸ் மாகாணம் முழுக்கத்தானே? பம்பாய்க்கும் அதே, வங்காளத்துக்கும் அதே. தீர்வை என்பது கதவு திறந்திருந்தது என்பதற்குச் சான்று. உள்ளே போனவருக்குப் பாராட்டு இல்லை என்பதற்குச் சான்று இல்லை.

சாத்தூர்க்காரிக்கு மரியாதையோடு ஒன்று. உழைப்பு இல்லாமல் எதுவும் நடக்காது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த உழைப்பு 1922க்கு முன்னும் கரிசல்காட்டில் இருந்தது. வேலை இல்லாமல் இருந்தது. வேலையை உண்டாக்கியது யார்? வியாபாரம் படுத்தால் நட்டம் யாருக்கு? கூலிக்காரர் வேறு ஆபீசுக்குப் போவார். முதலாளி வீட்டை விற்பார். சந்தையில் எத்தனை குடும்பங்கள் நொடித்துப்போயின என்பதை எந்த மலரும் எழுதுவதில்லை. ஜெயித்தவரைப் பார்த்து 'எல்லாரும் சேர்ந்துதான் ஜெயிச்சோம்' என்பவர்கள், தோற்றவரிடம் போய் 'எல்லாரும் சேர்ந்துதான் தோத்தோம், இந்தா என் பங்குக் கடன்' என்று சொல்லி நான் பார்த்ததில்லை.

---

சாத்தூர்க்காரி

பார்த்திருப்பீர்கள் அண்ணாச்சி, வேறு கணக்கில்.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். தங்கள் பங்கு நட்டத்தை அவர்கள் ஏற்றுக்கொண்டுதானே போனார்கள்? அது ஒரு தடவை நடந்ததும் இல்லை. வருஷா வருஷம் வெயில் காலத்தில், தீபாவளிக்கு முன் அவசரத்தில், எங்காவது ஒரு அறை போகிறது. முதல் போட்டவர் முதலைப் பணயம் வைக்கிறார், உண்மை. மருந்து கலக்குகிறவர் எதை வைக்கிறார்? ரிஸ்க் எடுத்தவருக்குத்தான் லாபம் என்பது உங்கள் விதி என்றால், அந்த விதிப்படியே கணக்குப் போடுங்கள். நான் விதியை மாற்றச் சொல்லவே இல்லை.

'கூலிக்காரர் வேறு ஆபீசுக்குப் போவார்' என்கிறீர்கள். முன்பணம் வாங்கியவர் போக முடியாது. அதையும் எழுதுங்கள்.

---

பரோடா தமிழன்

குஜராத்தில் நெடுநாள் இருந்தவன் என்ற முறையில், அமுல் பால் பிறந்த ஆனந்த் என்ற ஊரின் கதையை இங்கே வைக்கிறேன். இந்த இழையின் கேள்விக்கு அதைவிட நல்ல உரைகல் எனக்குத் தெரிந்து இல்லை.

அமுல் என்றால் நம்மூரில் உடனே அதை நிர்வகித்த வர்கீஸ் குரியன் பெயர்தான் வரும். ஆனால் அமுலின் தொடக்கமான கெய்ரா மாவட்டப் பால் கூட்டுறவுச் சங்கம் பதிவானது 1946 டிசம்பர் 14. குரியன் ஆனந்துக்கு வந்தது 1949ல், அதுவும் அரசு உதவித்தொகைக்கான கட்டாய வேலையாக, வேண்டா வெறுப்பாக. அவர் வருவதற்கு முன்பே பால்காரர்கள் பால்சன் கம்பெனிக்குப் பால் கொடுக்க மறுத்துப் போராட்டம் நடத்தி, வல்லபபாய் பட்டேலின் யோசனைப்படி சங்கம் அமைத்திருந்தார்கள். ஊர் ஊராகப் போய் அதைக் கட்டியவர் திரிபுவன்தாஸ் பட்டேல். குரியனைக் கிளம்பவிடாமல் பிடித்து நிறுத்தியவரும் அவர்தான்.

அடுத்து எருமைப்பால் மாவு. எருமைப்பாலில் கொழுப்பு அதிகம், மாவாக்க முடியாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம். முடியும் என்று செய்து காட்டியவர் எச்.எம். தலாயா. குரியனோடு அமெரிக்காவில் படித்தவர். 1955ல் ஆனந்தில் மாவு ஆலை வந்தது. அது இல்லையென்றால் குளிர்காலத்தில் பொங்கி வழிகிற பாலை என்ன செய்வதென்று தெரியாமல் சங்கமே மூழ்கியிருக்கும். தலாயா பெயரை இங்கே எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள்?

அப்படியானால் குரியன் வெறும் பெயர்ப்பலகையா? இல்லவே இல்லை. அமைச்சர்களோடு மல்லுக்கட்டவும், பன்னாட்டுக் கம்பெனிகளை எதிர்த்து நிற்கவும், 1970ல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டத்தை நாடு முழுக்க விரிக்கவும் அந்தப் பிடிவாதக்காரர் தேவைப்பட்டார். திரிபுவன்தாஸால் அதைச் செய்திருக்க முடியாது. குரியனால் கிராமத்து நம்பிக்கையைச் சம்பாதித்திருக்க முடியாது. தலாயா இருவர் செய்ததையும் செய்திருக்க மாட்டார்.

ஆனால் சிவகாசிக்கும் ஆனந்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. குரியனுக்குப் புகழ் முழுக்கப் போனாலும் சொத்து போகவில்லை. அவர் சம்பளக்காரர். நுகர்வோர் கொடுக்கிற ரூபாயில் 80 காசுக்கு மேல் உற்பத்தியாளருக்கே போகிறது என்று அமுல் சொல்கிறது. இந்தப் பால் கூட்டுறவை வைத்து 1976ல் வந்த 'மந்தன்' படத்துக்கு ஐந்து லட்சம் விவசாயிகள் ஆளுக்கு இரண்டு ரூபாய் போட்டார்கள். புகழ் ஒருவரிடமும் வரவு எல்லாரிடமும் இருந்தால் யாரும் சண்டைக்கு வருவதில்லை. புகழும் வரவும் ஒரே இடத்தில் சேரும்போதுதான் 'யார் கட்டியது' என்ற கேள்வி சூடாகிறது.

ஆனந்திலும் எல்லாம் நேர் என்று சொல்ல மாட்டேன். மாட்டைக் கவனித்துப் பால் கறந்தது பெரும்பாலும் பெண்கள். சங்க உறுப்பினர் புத்தகத்தில் இருந்தது பெரும்பாலும் ஆண்கள் பெயர். அதைச் சரிசெய்யத் தனியாகத் திட்டம் போட வேண்டியிருந்தது.

---

பனியன் நூல்

திருப்பூரிலிருந்து ஒரு குரல். இங்கே எந்தப் பெரிய ஏற்றுமதியாளரும் முழு பனியனைத் தானே செய்வதில்லை. நிட்டிங் ஒருவர், சாயம் ஒருவர், காம்பாக்டிங் ஒருவர், பிரிண்டிங் ஒருவர், தையல் ஜாப் ஒர்க், செக்கிங், அயர்ன். ஒரு டி-ஷர்ட் பத்து கம்பெனி வாசலை மிதித்துவிட்டுத்தான் தூத்துக்குடிக்குப் போகும். ஆர்டர் பிடித்தவர் பெயர்தான் விருது விழாவில் வரும். அதில் எனக்கு வருத்தமில்லை, ஆர்டர் பிடிப்பது லேசான காரியம் இல்லை.

நான் சொல்ல வந்தது அடுத்தது. சாயக் கழிவு நொய்யல் ஆற்றில் போனபோது அதற்குத் 'தனிமனித சாதனையாளர்' யாரும் முன்வரவில்லை. ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்குக் கட்டினது, சாயத் தண்ணீர்த் தொட்டியாகிவிட்டது. கீழே இருந்த விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னபோது ஊரே நின்றது. அப்போது மட்டும் எல்லார் வாயிலும் ஒரே பேச்சு, "இது திருப்பூரின் பிரச்சினை, அரசு உதவ வேண்டும்" என்று. சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பொதுப்பணமும் வந்தது. லாபம் வரும்போது அது 'என் உழைப்பு', கழிவு வரும்போது அது 'நம் ஊர்'. விருதுபட்டி அண்ணாச்சியின் கடன் உதாரணத்துக்கு இது எதிர் உதாரணம்.

---

விருதுபட்டி வியாபாரி

பனியன் நூல் சொன்னதை மறுக்க முடியாது. ஆனால் அது தனிமனிதரின் மேல் குற்றமா, கழிவை விட அனுமதித்த மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மேல் குற்றமா என்று தனி இழை போடுங்கள், அங்கே வருகிறேன்.

---

கோடு தட்டுபவன்

மென்பொருள்காரன் நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். பரோடா தமிழன் சொன்ன புகழ்/வரவு பிரிவு எங்கள் துறைக்கும் அப்படியே பொருந்துகிறது. நான் முன்பு இருந்த ஒரு சின்ன கம்பெனியில் ஆரம்பத்தில் எல்லாரும் 'குடும்பம்'. ராத்திரி பகலாக வேலை. சிலருக்கு ஈசாப் (ESOP) என்கிற ஊழியர் பங்கு எழுதிக் கொடுத்தார்கள், பலருக்கு "பார்த்துக்கலாம்" என்றார்கள். கம்பெனி விலை போன அன்று யார் குடும்பம், யார் சம்பளக்காரர் என்பது ஒரு எக்செல் ஷீட்டில் தெரிந்துவிட்டது. நிறுவனரின் திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை, அவர் இல்லாமல் அந்தப் பொருளே இல்லை. ஆனால் 'கூட்டு முயற்சி' என்று மேடையில் பேசுபவரிடம் நான் இப்போது கேட்பது ஒன்றே ஒன்றுதான்: எழுத்தில் இருக்கிறதா?

---

ஓய்வுபெற்ற கலால்

தம்பி கேட்டது சரியான கேள்வி. மகமையின் பலமே அது எழுத்தில் இருந்ததுதான். மூட்டைக்கு இவ்வளவு, யார் கட்டினார், யார் பாக்கி என்று உறவின்முறைக் கணக்கில் இருக்கும். முறைகாரர்கள் மாறி மாறிப் பொறுப்பேற்பார்கள். விருதுநகரில் வீட்டுக்கு வீடு பிடி அரிசி வாங்கி நடத்திய சத்திரிய வித்யாசாலாவில்தான் காமராஜரும் படித்தார். 1921ல் தூத்துக்குடியில் நாடார் வங்கி, இன்றைய தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கி, வந்ததும் அதே பழக்கத்தின் தொடர்ச்சி. வெறும் பாசத்தில் நடந்தது இல்லை அது.

ஆனால் எழுத்தில் இருக்கிற கூட்டுக்கு எல்லையும் எழுத்திலேயே இருக்கும். அந்த உறவின்முறைக்குள் பிறக்காதவருக்கு அந்தக் கடன் இல்லை, அந்தத் தகவல் இல்லை, கல்கத்தா போய் வந்தவரின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கலவை விகிதம் கேட்கிற உரிமையும் இல்லை. ஒதுக்கப்பட்டவர்கள் தங்களைக் காத்துக்கொள்ளக் கட்டிய அமைப்பு அது. அதன் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் கட்டை அடுக்கியவர்களில் பெரும்பகுதி அந்த வேலிக்கு வெளியே இருந்தவர்கள்.

---

கரிசல்மண்

கலால் ஐயா என் கட்டுரையின் நடுப்பகுதியை எழுதிக் கொடுத்துவிட்டார்.

நான் இந்த இழையைத் தொடங்கும்போது இரண்டு கட்சி என்று எழுதினேன். இப்போது பார்த்தால் மூன்று தரப்பு. ஒன்று, கிளம்பிப் போன இருவர். அவர்களுடைய துணிச்சலைக் குறைத்து எழுத எனக்கு மனமில்லை, விருதுபட்டியார் கேட்ட 'மற்ற ஐந்து ஊரும் ஏன் செய்யவில்லை' என்பதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லப்போவதில்லை. இரண்டாவது, பங்குக் கூட்டு. மகமை, உறவின்முறை, வங்கி, பள்ளி. இவர்களுக்குப் பெயர் உண்டு, கல்வெட்டு உண்டு, கல்லூரி வாசலில் எழுத்து உண்டு. மூன்றாவது, கூலிக் கூட்டு. குழுவில் 'ஊர் கூடி' என்று பேசியவர்கள் உட்பட எங்கள் யாருக்கும் அந்த 'ஊரில்' மூன்றாமவர் இருப்பது தோன்றவில்லை. கூட்டு உழைப்பு என்று பேசிக்கொண்டே ஒரு பகுதியை விட்டுவிட முடியும் என்பதுதான் எனக்கு இதில் புதிது. அதற்குத் தனிமனிதப் புகழ் பாடுகிறவர்கள் தேவலை, அவர்கள் மற்றவர்களும் சேர்த்தி என்று பாவனை செய்வதில்லை.

கட்டுரையை இப்படிப் பிரிக்கிறேன்: கல்கத்தா ஒரு பக்கம், தீர்வையும் கலால் வகையும் ஒரு பக்கம், மகமை ஒரு பக்கம், ஆபீஸ் வேலை இரண்டு பக்கம். பூர்ண சந்திர ராயின் பெயரை முதல் பத்தியிலேயே போடுகிறேன். தனக்குப் போட்டியாக வரக்கூடிய இருவருக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த மனிதர் அவர்.

ஒரு உதவி வேண்டும். ஐம்பது அறுபதுகளில் வேலை செய்தவர்களின் பெயர்களை ஒரு பக்கமாவது போட ஆசை. பழைய கூலிப் பதிவேடு யாரிடமாவது இருக்கிறதா? முதலாளி குடும்பங்களில் கேட்டால் லேபிள் ஆல்பம் காட்டுகிறார்கள். பதிவேடு கேட்டால் கரையான் அரித்துவிட்டது என்கிறார்கள்.

---

சாத்தூர்க்காரி

ஆபீசில் வேலை செய்தவர்களுக்காவது மஸ்டர் ரோல் (வருகைப் பதிவேடு) இருக்க வாய்ப்புண்டு, அதிலும் பிள்ளைகள் பெயர் இருக்காது. இன்ஸ்பெக்டர் வந்தால் பின்வாசல் வழியாக அனுப்பிவிடுவார்களே, பெயரை எங்கே எழுதுவார்கள். வீட்டில் பெட்டி ஒட்டியவர்களுக்கு ஏஜெண்டு நோட்டுதான். எங்கள் வீட்டில் ஒன்று இருந்தது. அதில் பெயர் கிடையாது, 'தெற்குத் தெரு, மூணாவது வீடு' என்று போட்டு எத்தனை குரோசு, எவ்வளவு கழிவு என்று இருக்கும். பெட்டி சரியில்லை என்று தள்ளினதற்குக் கழிவு.

சாத்தூர், ஏழாயிரம்பண்ணை, கோவில்பட்டிப் பக்கம் எழுபது வயதைத் தாண்டியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பதிவேட்டைத் தேடுவதைவிட அவர்களிடம் போய் உட்காருங்கள். பெயரைச் சொல்வார்கள், அன்றைய கூலியையும் சொல்வார்கள். நான் கூட வருகிறேன்.

---

விருதுபட்டி வியாபாரி

வண்டி என்னுடையது, டீசலும் என்னுடையது. தனிமனித சாதனை என்று மலரில் போட்டுக்கொள்ள வேண்டாம் 😀 கரிசல்மண் அண்ணாச்சி, தனிச்செய்தியில் தேதி சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை என்றால் கடை லீவு.